பிளம்லியின் இருபத்தைந்தாவது கால்சட்டை

1 மார்ச் 1976, திங்கள்

புதுப் படத்தின் பெயரை இன்று காலை அறிவித்தார்கள். "பிளம்லி பிறந்தமேனியில்". கேட்டதும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

பிற்காலத்தில் யாராவது இந்த டைரியைப் புரட்டினால் (ஜெபக்கனி, நீதானே? அக்கா டைரியிலிருந்து கையை எடு!) அவர்களுக்கு விவரம் தெரியட்டும். நான் அன்னபாக்கியம், சொந்த ஊர் பாளையங்கோட்டை. லண்டனுக்கு வெளியே ஒரு சினிமா ஸ்டூடியோவில் உடை தைக்கிறேன். அங்கே என் பெயர் ஆனி. பிளம்லி என்பவர் எங்கள் சிரிப்புப் படங்களில் வருகிற அசட்டு முனிசிபல் குமாஸ்தா. கடற்கரைக்குப் போவார், ராணுவத்துக்குப் போவார், கப்பலில் போவார். எங்கே போனாலும் கடைசியில் ஒரு பெரிய மனிதர் முன்னால் குனிவார். கால்சட்டை பின்னால் டர்ரென்று கிழியும். உள்ளே புள்ளி போட்ட டிராயர் தெரியும். தியேட்டர் உருண்டு புரண்டு சிரிக்கும்.

அந்தக் கிழிசலைத் தைப்பது நான். சிரிக்க வேண்டாம். கிழியாமல் தைக்க எந்தத் தையல்காரிக்கும் தெரியும். நடக்கும்போது நின்று, உட்காரும்போது நின்று, குனியும்போது மட்டும் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரித் தைக்க இந்த இங்கிலாந்திலேயே நான் ஒருத்திதான். அதற்கென்று இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். சிவப்பு டப்பாவில் வெயிலில் காய்ந்து இற்றுப்போன பருத்தி நூல். நீல டப்பாவில் கூடாரம் தைக்கிற நூல், யானை இழுத்தாலும் வராது. கண்டவர்கள் கைவைக்கக் கூடாது என்று மூடிகளில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கிழியும்", "கிழியாது".

இன்று சிரில் வெதர்பிக்கு அளவெடுத்தேன். அவர்தான் பிளம்லி. வயது அறுபத்திரண்டு. இடுப்பு நாற்பத்தொன்று. போன படத்துக்கு நாற்பத்திரண்டு. மெலிந்திருக்கிறார். தையலுக்காகத்தான் குறிக்கிறேன்.

4 மார்ச், வியாழன்

காலர் பன்னிரண்டு. ராணுவச் சட்டைக்குப் பொத்தான். மதியம் எலுமிச்சை ஊறுகாய் சாண்ட்விச். சிரில் வழக்கம்போல் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்.

முதல் படம் வந்தபோது வரிசை தெருவைச் சுற்றி வளைந்து நின்றது. டிக்கெட் கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவர் தொப்பியைக் கடித்ததை நானே பார்த்தேன். இப்போது? இருபத்திமூன்றாவது படத்தில் பிளம்லி சந்திரனுக்குப் போனார். ராக்கெட் என்பது இரண்டு குப்பைத்தொட்டி. இருபத்திநான்காவது படத்தில் ஆஸ்பத்திரி என்று காட்டியது ஏதோ பழைய படத்தின் ஓட்டல்தான், பச்சை பெயின்ட் அடித்தது. ஆபரேஷன் அறைச் சுவரில் "காலை உணவு எட்டு மணிக்கு" என்ற பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். படத்திலேயே அதுதான் நல்ல ஜோக். தியேட்டரில் நான், ஜெபக்கனி, இன்னும் ஒன்பது பேர். அதில் ஒருவர் தூங்க வந்தவர்.

9 மார்ச், செவ்வாய்

என்ன காலக்கொடுமை!

படத்தை எடுப்பவன் நைஜல், முதலாளி பெரிய கிராம்ப்டனின் மகன். வெல்வெட்டில் தொடையைப் பிடிக்கிற பெல்பாட்டம், கழுத்தில் சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதுவும் மழைநாளில். என்னையும் சிரிலையும் கூப்பிட்டான். இவர்கள் பேசுவதை நான் நம்ம ஊர்த் தமிழில்தான் எழுதுவேன். என் டைரி, என் இஷ்டம். நைஜல் "யூ" என்றால் அது "நீ". சிரில் "யூ" என்றால் அது "நீங்க".

"புள்ளி டிராயருக்கெல்லாம் இப்ப எவன் சிரிக்கான்? இந்தத் தடவ கால்சட்டையும் டிராயரும் சேந்து கிழியணும். ரெண்டையும் ஒண்ணா வச்சித் தச்சிரு. பொறந்தமேனியாத் தெரியணும்."

"எனக்கு வயசு அறுவத்திரெண்டு, நைஜல்," என்றார் சிரில்.

"அதுதான் வே காமெடியே!"

வே என்று அவன் சொல்லவில்லைதான். ஆனால் அப்படித்தான் இருந்தது.

சிரில் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்தார். இருபத்தைந்து படம் நடிப்பதாகப் பெரிய கிராம்ப்டனுக்கு வாக்குக் கொடுத்தவர். அந்த மனிதர் இப்போது சக்கர நாற்காலியில். "அவர்தாம் எனக்குச் சோறு போட்டவர், ஆனி. சொன்ன சொல்ல மாத்த முடியாது," என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, "சிரிக்க வைக்கது வேற, ஊரு சிரிப்பாச் சிரிக்கது வேற, இல்லியா?" என்றார்.

சாயங்காலம் ஒரே காலரை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். நூல் சரியில்லை.

10 மார்ச், புதன்

என் தங்கை ஜெபக்கனி ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னோடுதான் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"யக்கா, அவாள் பின்பக்கத்தப் பத்தி நீ எதுக்கு இப்பிடிக் கெடந்து மருகுத?"

"ஏட்டி, மரியாதப்பட்ட மனுசன் டீ. ஊர் முன்னால மானம் போயிரும்லா?"

"அவாளுக்கா, ஒனக்கா?"

அவளுக்கு இன்று ரசம் கிடையாது.

15 மார்ச், திங்கள்

வியாழக்கிழமை கடற்கரையில் அந்தக் காட்சி. கடலுக்குள் நீளும் மரப்பாலத்தை ஒரே ஒரு நாளைக்குத்தான் தருகிறார்களாம், சாயங்காலம் நாலு மணிக்குக் காலி செய்தாக வேண்டும். அன்று எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நைஜல் இதை மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

17 மார்ச், புதன்

குடைத்துணி ஒட்டு ஒன்று. மேயர் மனைவியின் தொப்பிக்கு இறகு. நைஜலின் வெல்வெட் பெல்பாட்டம் பின்னால் லேசாக விட்டிருந்தது, அவசரமாகத் தைத்துத் தரச் சொன்னான், தைத்துக் கொடுத்தேன். பிளம்லியின் கால்சட்டையும் தைத்தாயிற்று. இரண்டும் ஒரே மேசையில் கிடந்தன. நல்ல மழை. பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுச் சீக்கிரம் படுத்தேன்.

18 மார்ச், வியாழன்

கர்த்தாவே! கர்த்தாவே! சிரிப்பு அடங்கினால்தானே எழுத வரும்!

முறையாகச் சொல்கிறேன். கடல் காற்று ஆளைத் தூக்குகிறது. பாலத்தின் மேல் பாண்டு வாத்தியம், மேயர் வேஷம், மேயர் மனைவி வேஷம், வேடிக்கை பார்க்க அந்த ஊர் ஜனம் இருநூறு பேர். காட்சி இதுதான்: பிளம்லி குனிந்து மேயர் மனைவிக்குப் பூச்செண்டு கொடுக்க வேண்டும், குனிந்ததும் எல்லாம் போக வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காட்சிக்கு முன்னால் சிரில் என் பக்கம் திரும்பி, பின்தையலை இரண்டு தட்டுத் தட்டி, "கிழியுமா?" என்பார். தமிழில்! டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் படத்திலேயே கேட்டுக் கற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நான் "கிழியும்" என்பேன். அதைக் கேட்காமல் காமிரா முன்னால் போகமாட்டார். இருபத்திநாலு படம் அப்படித்தான்.

இன்றும் தட்டினார். "கிழியுமா?" முகம் வெளுத்திருந்தது. எனக்குத் திடீரென்று தொண்டை கரகரத்தது. இருமிவிட்டேன். இருமலைப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குனிந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் குனி!" என்று நைஜல் கத்தினான். மூக்கு முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். தையல் கம்மென்று இருந்தது. ஜனத்துக்குள் ஒரு பெண் கிளுக்கென்றாள். சிரில் நிமிர்ந்து, பின்னால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அந்த நிமிஷம் அவர் முகத்தில் பிளம்லி வந்து உட்கார்ந்தார். பத்து வருடமாக வராதிருந்த பழைய பிளம்லி! வலப்பக்கம் குனிந்தார், இடப்பக்கம் குனிந்தார், பாண்டுக்காரர்களுக்கு ஒரு வணக்கம், கடற்பறவைக்கு ஒரு வணக்கம். ஒவ்வொரு தடவையும் கிழிந்ததா என்று எட்டிப் பார்த்து, "அடடே, இல்லியே" என்று மேயர் மனைவியிடம் வருத்தம் தெரிவித்தார். ஜனம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

தையல் ஏமாற்றினால் உதவட்டும் என்று கால்சட்டையில் மீன்பிடிக்கிற நைலான் நரம்பு ஒன்றைக் கட்டி, மறுமுனையைச் சாமான்கள் பார்க்கும் ஆல்ஃபிடம் கொடுத்திருந்தான் நைஜல். "இழு வே!" என்றான். ஆல்ஃப் இழுத்தான். தையல் அசையவில்லை. சிரில்தான் அசைந்தார். பூச்செண்டை நீட்டியபடி, புன்னகை மாறாமல், பத்தடி தூரம் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போனார். மேயர் மனைவி கையை நீட்டியபடி அவர் பின்னால் ஓடினாள். பாண்டில் குழல் ஊதுகிறவர் சிரிப்பில் ஊதிய சத்தம் மாட்டுச் சத்தம் மாதிரி வந்தது.

மணி நாலாகப் பத்து நிமிஷம். நைஜலுக்குத் தலை கொதித்துவிட்டது. காமிரா முன்னால் பாய்ந்தான். "குனியக்கூடத் தெரியாதா ஒனக்கு? இந்தா பாரு, இப்பிடி!"

குனிந்தான்.

டர்ர்ர்ர்ர்!

வெல்வெட் இரண்டாகப் பிளந்தது. உள்ளே முழங்கால்வரை கம்பளி டிராயர், மஞ்சள் நிறம், அவன் அம்மா பின்னியது. பின்பக்கத்தில் ஒரு வாத்துப் படம்.

இருநூறு பேரும் ஒரே குரலாகச் சிரித்தார்கள். ஒரு கிழவர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கட்" சொல்ல வேண்டியவன் இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு நின்றதால் யாரும் "கட்" சொல்லவில்லை, காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. சிரில் நிதானமாக நடந்து வந்து, பூச்செண்டை வாத்தின் மேல் மறைவாக வைத்து, தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பாலத்தின் நீளத்துக்கும் முழுக் கால்சட்டையோடு நடந்து போனார்.

ஒரு விஷயம் தெளிவாக எழுதிவைக்கிறேன். நூல் மாறிவிட்டது. மேசையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்ததால் வந்த பிழை. எனக்கும் ஐம்பத்துமூன்று வயதாகிறது, கண் மங்கல்.

19 மார்ச், வெள்ளி

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கிராம்ப்டன் சக்கர நாற்காலியில் இருந்தார். நைஜல் வேறு கால்சட்டையில் குதித்தான்.

"வேணும்னே செஞ்சிருக்கா!"

"கண்ணு சரியாத் தெரியலய்யா. நூலு மாறிட்டு," என்றேன்.

"அப்போ கண் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. செவ்வாய்க்கெழமைக்குள்ள. கண்ணு நல்லா இருக்குன்னு எழுதியிருந்தா அன்னைக்கே ஒனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்."

வெளியே சிரில் நின்றுகொண்டிருந்தார். என் கோட்டை வாங்கிப் போட்டுவிட்டார். கையைத் தோளில் ஒரு நிமிஷம் கூடுதலாக வைத்திருந்தாரோ என்னவோ, கவனிக்கவில்லை. இடது தோள்.

20 மார்ச், சனி

துணி துவைத்தேன். மீன் நாறுகிறது. ஜெபக்கனி நாள் முழுக்க வாத்து மாதிரிக் கத்துகிறாள்.

22 மார்ச், திங்கள்

திட்டம் சுலபம். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டுவார், பெரிய எழுத்து மட்டும் சொல்வது, மற்றதெல்லாம் "மங்கலா இருக்கு". ஜெபக்கனியோடு பயிற்சிகூட எடுத்தேன். அவள் காலண்டரைக் காட்டினாள், நான் கண்ணை இடுக்கினேன். "தத்ரூபமா இருக்குக்கா, அப்பிடியே நம்ம பெரியம்ம மாரி," என்றாள்.

டாக்டர் கிழவர், நல்ல மனிதர். முதல் வரி சொன்னேன். இரண்டாவது வரியில் திணறினேன். மூன்றாவது வரியில் பெருமூச்சு விட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் சிரித்து, "வருத்தப்படாதியம்மா. ஒங்க வயசுல கடைசி வரியெல்லாம் ஒருத்தருக்கும் தெரியாது," என்றார்.

ஒங்க வயசுலயா!

கடைசி வரியை வாசித்தேன். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் வாசித்தேன். அவர் கோட்டில் மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருப்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜெபக்கனி பஸ்ஸில் வீடு வரைக்கும் தலையில் அடித்துக்கொண்டு, பைத்தியம் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே வந்தாள். "கோட்டி! சரியான கோட்டி!"

சான்றிதழ் கையில் இருக்கிறது: "கண்பார்வை அபாரம்". இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கலாம். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அதெல்லாம் செய்யமாட்டேன். நாளைக்கு வேலை போய்விடும். அழுகை வருகிறது. வந்தால் வரட்டும். ஆனால் அந்தக் கால்சட்டை மட்டும் கிழியவில்லை.

23 மார்ச், செவ்வாய்

அறையில் பெரிய கிராம்ப்டன் மட்டும்தான் இருந்தார். சான்றிதழை நீட்டினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். தோள் குலுங்கியது. மாரடைப்பு என்று நினைத்து நான் தண்ணீர் தேடினேன். சிரிக்கிறார்! கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறார்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் படத்தப் போட்டுப் பாத்தேன், ஆனி. மூணு தடவ பாத்தேன். பத்து வருசமாச்சு நான் சிரிச்சு. நம்ம படத்துக்கு நானே சிரிக்கல, பாத்துக்கிடுங்க."

சான்றிதழை நாலாக மடித்துத் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நூலு மாறிட்டு. அவ்வளவுதான?"

"அவ்வளவுதாம்யா."

"அந்தக் காட்சி அப்பிடியே படத்துல இருக்கும். என் பய வாத்தும் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், இதோட சரி. இருவத்தாறு கெடையாது. நாந்தான் முன்னாலயே நிறுத்தியிருக்கணும்."

வெளியே வந்து உடைகள் தொங்குகிற அறையில் சிரிலின் இருபத்திநாலு பழைய கால்சட்டைகளுக்கு நடுவே நின்று மூக்கைச் சிந்தினேன். தூசி.

25 செப்டம்பர், சனி

படம் வந்துவிட்டது. இப்போது அதன் பெயர் "பிளம்லி விடைபெறுகிறார்". பகல் காட்சிக்குப் போனோம். பதினான்கு பேர் இருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் சர்ச்சில் இருப்பதுபோல் அமைதி. யாரோ மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்த சத்தம்தான் பெரிய சத்தம்.

பிறகு மரப்பாலம் வந்தது. அவர் குனிந்தார். கிழியவில்லை. மறுபடி குனிந்தார். காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாள் "ஐயோ பாவம்" என்று சத்தமாகவே சொன்னாள். பறவைக்கு வணக்கம் வைத்தபோது சிரித்தாள். ஆல்ஃப் இழுத்தபோது அவள் பையிலிருந்த உருளைக்கிழங்கெல்லாம் தரையில் ஓடியது. வாத்து வந்ததும் பதினான்கு பேரும் நானூறு பேர் மாதிரிச் சிரித்தார்கள். படம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. ஜெபக்கனிக்கு விக்கல்.

கடைசி வரிசையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு எழுந்து வந்தார்.

"நல்லாச் சிரிச்சாங்க இல்லியா, ஆனி?"

"நல்லாச் சிரிச்சாங்க."

"படம் ஓடாது."

"ஓடாது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் ஜெபக்கனி, எதற்குத்தான் இவளுக்கு வாய் இருக்கிறதோ, "நாளைக்கு ஞாயித்துக்கெழம, சாப்பிட வாங்க" என்றாள்.

26 செப்டம்பர், ஞாயிறு

நெய்மீன் குழம்பு, அவியல், அப்பளம். சிரில் மூன்று தடவை போட்டுக்கொண்டார். கையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பிரித்தால் அந்தக் கால்சட்டை. ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்களாம், இதை மட்டும் கேட்டு வாங்கி வந்தாராம்.

"நூல் எப்பிடி மாறிச்சு, ஆனி?"

"கண்ணு தெரியல. கண்ணாடி போடல."

"நீங்க கண்ணாடி போட்டு நான் பாத்ததே இல்லியே."

"அதான் சொல்லுதேன். போடல."

"பெரியவர் எனக்கு அந்தச் சான்றிதழக் காட்டினார்."

கரண்டி கையிலிருந்து குழம்புக்குள் விழுந்தது. ஜெபக்கனி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். சிரில் தொப்பியைச் சுழற்ற ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளே எதற்குத் தொப்பி?

"இருவத்திரெண்டு வருசமா நான் கிழிக்கதுக்குன்னே ஒருத்தர் தச்சிக் குடுத்தாவ. கிழியாம இருக்கதுக்கும் அவங்களேதான் தச்சிக் குடுத்தாவ. எனக்கு இனிம படம் கெடையாது. ஆனா கால்சட்டை வேணும்லா? இனிம எல்லாத்தையும் நீங்களே தச்சிக் குடுப்பியளான்னு கேக்கத்தான் வந்தேன்."

தையல் வேலைக்கு ஆள் கேட்கிறார் என்று நினைத்து, பொத்தானுக்கு என்ன, மடிப்புக்கு என்ன என்று நான் ரேட் சொல்ல ஆரம்பித்தேன்.

"யக்கா!" என்று ஜெபக்கனி போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரி தரையைத் தட்டினாள். "அவாள் ஒன்னியக் கட்டிக்கிடக் கேக்காவ டீ, கோட்டி!"

அப்பளம் மூன்று கருகிவிட்டது. மற்றதை எழுதமாட்டேன். ஜெபக்கனி படிக்கிறாள்.

19 நவம்பர், வெள்ளி

கேக்குக்கு முந்திரி. ஜெபக்கனி சேலைக்கு ஓரம். ஆல்ஃபுக்கு டை. மாப்பிள்ளை கால்சட்டை: இடுப்பு நாற்பத்திரண்டு. மீன் குழம்பு வேலை செய்கிறது. நூல் நீல டப்பாவில் எடுத்தேன். மூடியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

20 நவம்பர், சனி

கோயில் வாசலில், உள்ளே நுழைவதற்கு முன்னால், என் பக்கம் திரும்பிப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கிழியுமா?"

எனக்கு இருமல் வரவில்லை.

"கிழியாது," என்றேன்.